ரெடிமேட் ரிங் வாங்கலாமா? தர்மபுரி, கிருஷ்ணகிரியில் பில்லர் வீடு கட்டுவோருக்கு

பில்லர் கம்பியைச் சுற்றிக் கட்டுகிற ரிங்கை இப்போது சைட்டில் ஆள் வைத்து வளைக்க வேண்டியதில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் கம்பிக் கடைகளில் 6×6, 6×9, 7×10, 9×9 என்று அங்குலக் கணக்கில் மிஷினில் வளைத்துக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். எடைக்கும் கிடைக்கும், எண்ணிக்கைக்கும் கிடைக்கும். கம்பி விலைக்கு மேல் கிலோவுக்குச் சில ரூபாய் வளைப்புக் கூலி சேரும். காசுக்கு ஏற்ற பொருள்தானா என்றால், ஆமாம். ஆனால் எதுவும் சொல்லாமல் "9×9 நூறு கொடுங்க" என்று எடுத்து வந்தால், பெரும்பாலும் கைக்கு வருவது நம் நிலநடுக்க மண்டலத்துக்கான ரிங் இல்லை. ரிங்கின் இரண்டு முனையையும் மடக்கிய கொக்கி 90 டிகிரியோடு நின்றிருக்கும். கொக்கிக்குப் பிறகு நீளும் நேர்த்துண்டான வால் இரண்டு அங்குலம்கூட இருக்காது.

"நம்ம ஊர்ல எங்க பூகம்பம் வருது?" என்று கடைக்காரரும் கேட்பார், கம்பி கட்டுகிறவரும் கேட்பார். அடிக்கடி வருவதில்லை என்பது சரி. ஆனால் ஐஎஸ் 1893 என்ற இந்திய நிலநடுக்க விதிநூலின் 2016 பதிப்பில் ஊர் வாரியாக ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் தர்மபுரி மூன்றாம் மண்டலம், மண்டல எண் 0.16. சேலம், திருவண்ணாமலை, வேலூர் எல்லாம் அதே வகுப்பு. பெங்களூரு இரண்டாம் மண்டலம், 0.10. தர்மபுரிக்கும் பெங்களூருக்கும் நடுவில் எங்கோ எல்லைக்கோடு போகிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கட்டுகிறவர்கள் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல் மூன்று என்றே எடுத்துக்கொள்வது நல்லது. கம்பி கட்டும் விதங்களைச் சொல்லும் ஐஎஸ் 13920, மூன்றாம் மண்டலத்திலிருந்து கட்டாயம். இரண்டாம் மண்டலத்தில்தான் விருப்பம்.

மூன்றாம் மண்டலம் என்றால் என்ன ஆகும் என்பதற்கு அகமதாபாத்தைப் பார்க்கலாம். அதுவும் மூன்றுதான். 2001 ஜனவரி 26 அன்று நடுக்கத்தின் மையம் புஜ் பக்கம், அகமதாபாத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனாலும் அங்கே பல மாடிக் குடியிருப்புகள் உட்கார்ந்துபோயின. கீழ்த்தளத்தில் சுவரே இல்லாமல் வண்டி நிறுத்த விட்ட கட்டடங்கள்தான் அதிகம் அடிபட்டன. உடைந்த பில்லர்களில் தெரிந்தவை: தூரம் தூரமாகக் கட்டிய ரிங், 90 டிகிரியில் நின்ற கொக்கி, பீம் சேரும் இடத்தில் ரிங்கே இல்லாத பில்லர். லாத்தூர் இன்னும் ஒரு படி மேல். 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் அங்கே 6.2 அளவில் ஆடியபோது, வரைபடத்தில் அது மிகக் குறைந்த ஆபத்துள்ள முதலாம் மண்டலம். 2002 பதிப்பில் முதலாம் மண்டலம் என்ற வகுப்பையே எடுத்துவிட்டார்கள். நம் பக்கத்தில் 1900 பிப்ரவரி 8-ல் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவில் ஒன்று வந்திருக்கிறது. அப்போது கோவையில் பில்லர் வீடு கிடையாது. ஆறு மாடி அபார்ட்மென்டும் கிடையாது.

இனி பொருளுக்கு வருவோம். நடுக்கத்தில் பில்லர் இப்படியும் அப்படியும் வளையும்போது முதலில் உதிர்வது மேல் பூச்சும், ரிங்குக்கு வெளியே இருக்கும் ஒன்றரை அங்குலக் கவர் கான்கிரீட்டும். 90 டிகிரி கொக்கியின் வால் அந்தக் கவருக்குள்தான், பக்கத்துக் கம்பியை ஒட்டிப் படுத்திருக்கிறது. கவர் போனதும் வாலைப் பிடிக்க ஒன்றும் இல்லை. உள்ளே நசுங்கும் கான்கிரீட் வெளியே தள்ள, ரிங் முந்தானை அவிழ்வதுபோல் திறந்துகொள்ளும். ரிங் திறந்த இடத்தில் நெட்டுக் கம்பி வில்லாக வளைந்து வெளியே வரும்; பில்லர் அங்கேயே குட்டையாகும். 135 டிகிரி கொக்கியில் வால் எதிர் மூலையை நோக்கி, ரிங்குக்கு உள்ளே இருக்கும் கான்கிரீட்டில் புதைந்திருக்கும். கவர் முழுக்க உதிர்ந்தாலும் அது அசையாது. ஐஎஸ் 13920 கேட்பது இதுதான்: 135 டிகிரி, வளைவு முடிந்த பிறகு கம்பித் தடிமனைப்போல் 6 மடங்கு நேர் வால், ஆனால் 65 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 8 மி.மீ. கம்பிக்கு 6 மடங்கு என்றால் 48 தான். எனவே 65 என்பதே கணக்கு.

இதில் எவ்வளவு இரும்பு கூடுகிறது? 9×9 அங்குல ரிங்கை (வெளி அளவு 228 மி.மீ.) வளைவின் உள்விட்டம் 32 மி.மீ. என்று வைத்து அளந்தால், 135 டிகிரி, 65 மி.மீ. வால் உள்ள ரிங்குக்கு 1,041 மி.மீ. கம்பி வேண்டும், எடை 411 கிராம். அதே ரிங்கை 90 டிகிரியில் 50 மி.மீ. வாலோடு நிறுத்தினால் 979 மி.மீ., 387 கிராம். வித்தியாசம் 24 கிராம். சைட்டில் ஒரு நாளைக்கு வீணாகும் கட்டுக்கம்பி இதைவிட அதிகம்.

கடையில் நின்று பார்க்க வேண்டியது இந்த வாலைத்தான். கட்டிலிருந்து மேலே இருக்கும் ரிங்கை எடுக்காதீர்கள். நடுவிலிருந்து நாலைந்து உருவுங்கள். தரையில் வைத்து மூலையைப் பாருங்கள். இரண்டு வாலும் குறுக்கே எதிர் மூலையைப் பார்த்து ஓடினால் 135. பக்கத்துக் கையோடு ஒட்டிப் படுத்திருந்தால் 90. இரண்டுக்கும் நடுவில் 110, 115 என்று சோம்பேறித்தனமாக நிற்கும் ரகமும் உண்டு. வளைக்கும் பின் தேய்ந்திருந்தாலோ, மிஷினில் கோணம் சரியாகப் போடாமல் விட்டாலோ, வளைத்த பிறகு கம்பி கொஞ்சம் திரும்பி நிமிர்வதைக் கணக்கில் எடுக்காவிட்டாலோ இப்படி வரும். பள்ளிப் பிள்ளையின் ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் 45 டிகிரி மூலைமட்டம் போதும். அதன் ஒரு ஓரத்தை ரிங்கின் கையில் வைத்தால் சாய்ந்த ஓரத்தோடு வால் ஒத்துப்போக வேண்டும். வால் நீளத்தை வளைவு முடிகிற இடத்திலிருந்து அளக்க வேண்டும். மூலையின் வெளி விளிம்பிலிருந்து அளந்து "மூணு இன்ச் இருக்கு பாருங்க" என்று காட்டுவார்கள். அது வளைவையும் சேர்த்து. டேப் இல்லையென்றால் கட்டைவிரலை விட்டு நான்கு விரலைச் சேர்த்து வையுங்கள். வால் நான்கையும் தாண்டவோ தொடவோ வேண்டும். மூன்றோடு நின்றால் வேண்டாம்.

எடை போட்டுப் பார்ப்பதை மட்டும் நம்ப வேண்டாம். 8 மி.மீ. கம்பிக்கு, கம்பித் தரத்துக்கான விதிநூல் ஐஎஸ் 1786 அனுமதிக்கும் எடை வேறுபாடே 7 சதவீதம் கூடவோ குறையவோ. சரியான 9×9 ரிங் பத்தும் சேர்ந்து 4.11 கிலோ வர வேண்டும். 7 சதவீதம் கழித்தால் 3.82. வால் குறைந்த ரிங் பத்து 3.87. அதாவது தராசில் தவறான ரிங்கும் பாஸாகிவிடும். முதலில் மூலைமட்டம், பிறகு டேப், அதற்குப் பிறகுதான் தராசு. மூன்றிலும் தேறிய கட்டை மட்டும் எடுங்கள். தராசு எதற்கு என்றால், 8 மி.மீ. என்று சொல்லிச் சன்னக் கம்பி தள்ளுவதைப் பிடிக்க. பத்து ரிங் 3.8 கிலோவுக்குக் கீழே போனால் கம்பி மெலிவு, அல்லது வால் குறைவு, அல்லது இரண்டும். முழு நீள 12 மீட்டர் கம்பியாக இருந்தால் இன்னும் சுலபம்: மீட்டருக்கு 0.395 கிலோ, கம்பிக்கு 4.74 கிலோ.

சைஸ் சொல்லும்போது ஒரு குழி இருக்கிறது. 9×9 என்றால் வெளி அளவா உள் அளவா? கடைக்குக் கடை வழக்கம் மாறும். 12×12 பில்லருக்கு 40 மி.மீ. கவர் வேண்டும். 300 மி.மீ.யில் இரண்டு பக்கமும் 40 கழித்தால் ரிங் வெளி அளவு 220. கடையின் 9 அங்குலம் வெளி அளவானால் 228. கவர் 36, சமாளிக்கலாம். அதுவே உள் அளவானால் வெளியே 244 ஆகிவிடும். கவர் 28-க்கு இறங்கும். கவர் பிளாக் நுழையாமல் மேஸ்திரி அதை உடைத்துவிட்டு ஜல்லியை முட்டுக் கொடுப்பார். 9×12 பில்லருக்கு 6×9-ம், 9×12 பீமுக்கு 7×10-ம் வெளி அளவில் சரியாகப் பொருந்தும். பீமில் கவர் 25 மி.மீ.

அடுக்கி வைத்திருப்பதை எடுக்காமல் அளவு கொடுத்து வளைக்கச் சொல்வதுதான் எங்கள் தேர்வு. கணக்கும் அதற்கே சாதகம். 12×12 பில்லருக்கு ரிங் வெளி அளவு 220 என்று வைத்தால் கம்பி 1,006 மி.மீ. ஆகும். 12 மீட்டர் கம்பியில் 11 ரிங் போக 93 சென்டிமீட்டர் துண்டு மிச்சம். ஏறத்தாழ 8 சதவீதம் கழிவு. கம்பி கட்டுகிறவர் வாலைக் கடிப்பது இங்கேதான். 12 ரிங் வந்துவிட வேண்டும் என்று. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அளவைத் திருத்தினால் போதும். ரிங்கை 220-க்குப் பதில் 218 என்று கொடுங்கள். கம்பி 998 மி.மீ.யாக இறங்கும், கவர் 41 ஆகும், வால் 65 அப்படியே இருக்கும். ஒரு கம்பிக்குச் சரியாக 12 ரிங், கழிவு இல்லை. காயிலில் இருந்து நிமிர்த்தி வளைக்கும் மிஷின் வைத்திருக்கும் இடமானால் இந்தக் கவலையே இல்லை. ஆனால் அங்கே வேறொன்றைப் பார்க்க வேண்டும். நிமிர்த்தும் உருளை இறுக்கமாக இருந்தால் கம்பியின் மேல் இருக்கும் வரிகள் ஒரு பக்கம் மழுங்கிப் பளபளவென்று தேய்ந்திருக்கும். கையால் தடவினாலே தெரியும். அந்தக் கட்டு வேண்டாம்.

வளைவின் வெளிப்பக்கத்தை வெயிலில் திருப்பிப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு இருந்தால் கம்பி கடினம், அல்லது வளைக்கப் பயன்படுத்திய பின் (முளை) சன்னம். 500டி தரக் கம்பிக்கு வளைப்புச் சோதனையே தடிமனில் 3 மடங்குப் பின்னில், அதாவது 24 மி.மீ.யில் செய்கிறார்கள். அதைவிடச் சிறிய பின்னில் நெருக்கி வளைத்தால் எந்தக் கம்பியும் முரண்டு பிடிக்கும். மறுபக்கம், பின் பெரிதாகி மூலை உருண்டையாகிவிட்டால் நெட்டுக் கம்பி மூலையில் ஒட்டாமல் ஆடும். ரிங்கைச் சமதரையில் வைத்து ஒரு மூலையை அழுத்தினால் எதிர் மூலை எழும்பக் கூடாது. இரண்டு குறுக்களவும் 5 மி.மீ.க்கு மேல் வேறுபடக் கூடாது. மிஷின் ரிங்கில் இந்த இரண்டும் பொதுவாக நன்றாகவே இருக்கும். கை ரிங்கை விட இது மேல் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம். நூறு ரிங்கும் ஒரே அச்சு, பில்லர் முறுக்கிக்கொள்ளாது.

கம்பித் தரம் பற்றிச் சுருக்கமாக. நெடுஞ்சாலைச் சுவர்களில் "நிலநடுக்கத்தைத் தாங்கும்" என்று எழுதியிருப்பது கம்பியைப் பற்றியது. அதில் உள்ள உண்மை, இழுத்தால் எவ்வளவு நீள்கிறது என்பதில் மட்டும். 500 தரம் 12 சதவீதம், 500டி 16 சதவீதம், 550 தரம் 10 சதவீதம், 550டி 14.5 சதவீதம். ஐஎஸ் 13920 இந்த உயர் தரங்களில் 14.5-க்கு மேல் நீளும் கம்பியைத்தான் ஒப்புக்கொள்கிறது. எனவே 500டி என்று கேளுங்கள். கம்பி மேல் பெயரும் தரமும் உருட்டிப் பதித்திருக்கும். ஒரு கட்டில் சில ரிங்கிலாவது அந்த எழுத்துகள் கண்ணில் பட வேண்டும். பத்துப் பதினைந்து புரட்டியும் ஓர் எழுத்து கூட இல்லையென்றால் அது எந்த ஆலைக் கம்பி என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். 6 மி.மீ. ரிங் மலிவாகக் கிடைக்கும். பில்லருக்கும் பீமுக்கும் அது ஆகாது, 8 மி.மீ.தான் குறைந்தபட்சம். அப்புறம், எவ்வளவு நல்ல 500டி வாங்கினாலும் அதை 6 அங்குலத்துக்கு ஒரு 90 டிகிரி ரிங்கால் கட்டினால் சுவரில் எழுதியதற்கு அர்த்தமில்லை.

எத்தனை ரிங் வாங்குவது என்பதில்தான் பலருக்கும் கணக்கு உதைக்கும். வழக்கமாக மேலிருந்து கீழ்வரை 6 அங்குலத்துக்கு ஒன்று. தளத்திலிருந்து பீம் அடிவரை 2.7 மீட்டர் உயரமுள்ள பில்லருக்கு 19 ரிங் ஆகும். விதிப்படி பில்லரின் இரண்டு முனையிலும் ஒரு நெருக்கப் பகுதி வேண்டும். அதன் நீளம் பில்லரின் பெரிய அகலம், உயரத்தில் ஆறில் ஒரு பங்கு, 450 மி.மீ. மூன்றில் எது அதிகமோ அது, இங்கே 450. அந்தப் பகுதியில் ரிங் இடைவெளி பில்லரின் சிறிய அகலத்தில் கால் பங்கு, மிகச் சன்னமான நெட்டுக் கம்பியின் 6 மடங்கு, 100 மி.மீ. மூன்றில் எது குறைவோ அது. 12×12 பில்லரில் 16 மி.மீ. கம்பி போட்டால் 75 மி.மீ., அதாவது 3 அங்குலம். 12 மி.மீ. கம்பி போட்டால் 72. முதல் ரிங் பீம் முகத்திலிருந்து 50 மி.மீ.க்குள். நடுப்பகுதியில் 150 போதும். ஆனால் கம்பி ஜாயின்ட் வரும் நீளம் முழுக்க 100. எல்லாம் கூட்டினால் பீம் சந்திப்புக்குள் வரும் நாலையும் சேர்த்து 32-க்குக் குறையாது. ஒரு பில்லருக்கு 13 ரிங் கூடும். 12 பில்லர் வீட்டில் ஒரு மாடிக்கு 160 ரிங், 65 கிலோ இரும்பு.

9×9 பில்லரோடு வருகிறவர்களுக்கு இதில் நல்ல செய்தி இல்லை. 230-ல் கால் பங்கு 57 மி.மீ. அவ்வளவு நெருக்கத்தில் 6×6 ரிங்கைக் கட்டி, அதற்குள் இரண்டு வால்களும் நீட்டிக்கொண்டிருக்க, கான்கிரீட்டை இறக்குவது பெரும் பாடு. ஐஎஸ் 13920 விதிநூல் 2016 முதல் பில்லருக்கு 300 மி.மீ. குறைந்தபட்சம் என்கிறது. ஒரு பக்கமாவது 12 ஆகட்டும் என்று 9×12 போடுவதும் அந்த அளவைத் தொடவில்லை. ரிங் வாங்கும் முன்பே பில்லரை 12×12 ஆக்கிவிடுங்கள். சுவரிலிருந்து 3 அங்குலம் துருத்திக்கொண்டிருப்பது ஒரு குறையே இல்லை, அலமாரி வைத்தால் மறைந்துவிடும்.

கம்பி கட்டுகிறவர்கள் 135 ரிங்கைத் திட்டுவார்கள். அதில் பாதி நியாயம். 90 டிகிரி ரிங்கைக் கொஞ்சம் விரித்துப் பக்கவாட்டில் மாட்டிவிடலாம். 135-ஐ அப்படி நுழைக்க முடியாது, மேலிருந்துதான் கோக்க வேண்டும். ஆகவே வேலையின் வரிசை மாற வேண்டும். நெட்டுக் கம்பியை நிறுத்தியதும் அந்த மாடிக்கான எல்லா ரிங்கையும் எண்ணிக் கீழே கோத்துவிட்டு, சாக்பீஸில் இடைவெளி குறித்து ஒவ்வொன்றாக மேலே ஏற்றிக் கட்ட வேண்டும். ஒன்று மறந்தாலும் பிறகு நுழைக்க வழியில்லை. அப்போதுதான் அந்தக் கெட்ட வேலை நடக்கும்: கம்பி வளைக்கும் சாவியைப் போட்டுக் கொக்கியை நிமிர்த்தி, மாட்டிய பிறகு திரும்ப வளைப்பது. ஒரு தடவை வளைத்த டிஎம்டி கம்பியை அதே இடத்தில் நிமிர்த்தி வளைத்தால் அங்கே வெடிப்பு விழலாம், வெளியே தெரியாவிட்டாலும். பில்லருக்கு இரண்டு ரிங் கூடுதலாகக் கோத்து வைப்பது இந்தச் சங்கடத்துக்கு மலிவான மருந்து. பீமில் கோக்கவே முடியாத இடத்துக்கு விதிநூலே ஒரு வழி விட்டிருக்கிறது: இரண்டு முனையிலும் 135 கொக்கி உள்ள யூ வடிவ ரிங், மேலே மூடியாக ஒரு குறுக்குக் கொக்கி. அளவு கொடுத்தால் ரிங் வளைக்கிறவர்கள் இதையும் வளைத்துத் தருவார்கள்.

மிஷின் ரிங்கில் எல்லாக் கொக்கியும் ஒரே மூலையில் வரும். கட்டும்போது ஒவ்வொரு ரிங்கையும் ஒரு மூலை திருப்பிக் கட்ட வேண்டும். கொக்கி மூலை மேலே போகப் போகப் படிக்கட்டுபோல் சுற்றி வர வேண்டும். அப்படியே கோத்து இறக்கினால் ஒரே கம்பியில் மொத்தக் கொக்கியும் வரிசையாக நிற்கும். பலவீனமும் அந்த ஒரு மூலையில் சேரும், வைப்ரேட்டர் ஊசியும் அங்கே இறங்காது. ஊசி 40 மி.மீ.க்குப் பதில் 25 மி.மீ. கேட்டு வாங்குங்கள். ஜல்லி 20 மி.மீ.க்கு மேல் வேண்டாம்.

ஜாயின்ட் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கம் தளம் போட்டதும் அதன் மேலேயே அடுத்த மாடிக் கம்பியை ஒட்டிக் கட்டுவது வழக்கம். அது நெருக்கப் பகுதி. ஜாயின்ட் வரக் கூடாத இடம். பில்லரின் நடுப் பாதி உயரத்தில்தான் வர வேண்டும், ஒரே மட்டத்தில் பாதிக் கம்பிக்கு மேல் வரக் கூடாது. 16 மி.மீ. கம்பிக்கு 50 மடங்கு என்று 800 மி.மீ. எடுத்தால், தளத்துக்கு மேலே கம்பி ஒன்றரை மீட்டராவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். காற்றில் ஆடும் என்பார்கள். நாலு ரிங்கைக் கட்டி நிறுத்தினால் ஆடாது.

பீம் சந்திக்கும் இடத்தில் பில்லர் ரிங் போடுவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பீம் கம்பி கட்டிய பிறகு அங்கே கை நுழையாது. ஆகவே பீம் கம்பியைக் கோக்கும் முன்பே சந்திப்புக்கான நாலு ரிங்கும் பில்லரில் தொங்க வேண்டும். பீமிலும் முனை நெருக்கம் உண்டு: பில்லர் முகத்திலிருந்து பீமின் ஆழத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்கு. 9×12 பீமில் இடைவெளி 65 மி.மீ., 9×15 பீமில் 12 மி.மீ. கம்பி இருந்தால் 72.

கல்குவாரிக்குப் பக்கத்தில் கட்டுகிறவர்கள், வேட்டு வைத்தால் வீடு அதிர்கிறது என்று ரிங் நெருக்கம் கேட்டு வருகிறார்கள். அது வேறு கணக்கு. குவாரி வெடிப்பின் அதிர்வு வேகமானது, ஒரு நொடி இரண்டு நொடியில் அடங்கும். பில்லரை வளைக்கும் அளவுக்கு ஆட்டாது, ஆனால் பூச்சையும் சன்னச் சுவரையும் கீறும். செங்கல் சிமென்ட் வீட்டுக்குச் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம் வைத்திருக்கும் வரம்பு, 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே நொடிக்கு 5 மி.மீ., 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15. சுவர் வெடிப்புக்கு அதிர்வை அளந்து தரச் சொல்லி மனுக் கொடுப்பதே வழி. ரிங் அதைத் தடுக்காது.

பில்லரே இல்லாமல் கருங்கல் சுவரிலோ செங்கல் சுவரிலோ கட்டுகிறவர்களுக்கு இந்தப் பொருள் தேவையில்லை. அங்கே காசைப் போட வேண்டிய இடம் லிண்டல் மட்டத்தில் வீட்டைச் சுற்றி விடாமல் ஓடும் பெல்ட். அதற்குள் போகும் குறுக்குக் கம்பிக்கு 6 மி.மீ. போதும், 150 மி.மீ.க்கு ஒன்று. கருங்கல் சுவரானால் சுவர் முழு அகலத்துக்கும் ஓடும் கட்டுக்கல் 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு வரிசை, வரிசைக்குள் 1.2 மீட்டருக்கு ஒன்று. லாத்தூரில் ஆளை அமுக்கியது இந்தக் கட்டுக்கல் இல்லாத, மண் சாந்து வைத்த, இரண்டு தோலாகப் பிரிந்த கல் சுவர்கள்.

கட்டாக வாங்கிய ரிங்கை மொட்டை மாடியில் மழையில் போடாதீர்கள். மெல்லிய செம்பழுப்பு நிறம் பிடித்தால் பாதகமில்லை. கையில் செதிலாக உதிர்ந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகுதான் கட்ட வேண்டும்.

ஆர்டர் சீட்டில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: 8 மி.மீ., 500டி. வெளி அளவு 218×218 மி.மீ. கொக்கி 135 டிகிரி, வளைவுக்குப் பிறகு வால் 65 மி.மீ., இரண்டு பக்கமும். எண்ணிக்கை பில்லருக்கு 34, 12 பில்லருக்கு மொத்தம் 408. பத்து ரிங் எடுத்துப் பார்த்து இரண்டில் வால் குறைந்தாலும் கட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். சீட்டின் கீழே கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்; முதல் கட்டை இறக்கும்போதே லாரி நிற்கும் நேரத்தில் அளந்துவிடுங்கள், லாரி போன பிறகு இல்லை.